ஓய்வுக்குப் பிறகு பங்குகளும் கண்பார்வையும்: என்ன செய்யலாம்?

நிழல்மரம்:

வணக்கம் நண்பர்களே. அறுபதைத் தாண்டி, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. போன வாரம் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் மஞ்சள் படிவுகள் இருக்கின்றனவாம். ட்ரூசன் என்று பெயர் சொன்னார். மாகுலா சிதைவு, உலர் வகை, இடைநிலை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பார்வை இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து மங்கலான அறைக்குள் போனால் கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். சாப்பாடு, மாத்திரை பற்றி அடுத்த முறை விரிவாகப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

இதோடு சேர்ந்த இன்னொரு கவலை. என் சேமிப்பில் பெரும்பகுதி பங்குகளில் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் அவ்வப்போது வாங்கியது; நாற்பது கம்பெனிக்குக் குறையாது, வேறு வேறு தரகர் கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவிக்கு இதில் பழக்கமில்லை, ஆனால் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

கண்ணுக்கு எதைச் சாப்பிட்டால் உண்மையிலேயே பலன் உண்டு? இந்தப் பங்குகளை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பகல்வெளிச்சம்:

ஐயா, நான் டாக்டர் இல்லை. கண் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் இதே கேள்வியைக் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாப்பாட்டால் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்து என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு இறுகிப் போவதால் வருவது. அதற்குக் கண்ணாடிதான், கேரட் கிடையாது. கண்புரை முற்றிவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளௌகோமா நோயில் இழந்த பார்வை திரும்பாது. ஆரம்பத்தில் அறிகுறியும் இருக்காது, ஆகவே சோதனையில் கண்டுபிடித்தால்தான் உண்டு. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாவையை விரித்துப் பார்ப்பது எந்தச் சத்து மாத்திரையையும் விட முக்கியம்.

உங்களுக்கு வந்திருக்கும் மாகுலா சிதைவில்தான் ஊட்டச்சத்து மாத்திரைக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது, அதுவும் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு மட்டும். அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் ஆய்வின் முடிவு 2001ல் வந்தது. வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு, பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம். இதுதான் தினசரி அளவு. இடைநிலையில் இருந்தவர்களிடமும், ஒரு கண் மட்டும் முற்றிப்போனவர்களிடமும் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 28 பேர் வீதம் நோய் முற்றியிருந்தது. இந்தக் கலவையைச் சாப்பிட்டவர்களில் அது 20. நோய் இல்லாதவர்களுக்கோ ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கோ பலன் தெரியவில்லை. கண்புரைக்கும் உதவவில்லை.

2013ல் ஏரெட்ஸ் 2 முடிவு வந்தது. பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாக்சாந்தின் 2 மில்லிகிராம் சேர்த்தார்கள். இப்போது டாக்டர்கள் எழுதுவது அதைத்தான். உங்கள் சீட்டில் இருக்கும் "இடைநிலை" என்ற ஒரு வார்த்தைதான் இந்த மாத்திரையை உங்களுக்குப் பொருத்தமாக்குகிறது. ஆனாலும் அந்த 20 பேரை மறக்க வேண்டாம். மாத்திரை ஆபத்தைக் குறைக்கிறது. போன பார்வையைக் கொண்டுவராது, நோயை முழுக்க நிறுத்தியும் விடாது.

வட்டிக்குவட்டி:

பங்குக் கேள்விக்கு நான் வருகிறேன். மேலே சொன்ன 28, 20 கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் முதலீட்டிலும் நம் கையில் இருப்பது அவ்வளவுதான்: ஆபத்தைக் குறைப்பது.

ஓய்வு பெற்றவருக்கும் சம்பளம் வாங்குபவருக்கும் ஒரே சந்தைச் சரிவு ஒரே மாதிரி வலிக்காது. கையில் 100 இருக்கிறது என்று வையுங்கள். ஓய்வு பெற்ற முதல் ஆண்டே சந்தை 40 சதவீதம் விழுகிறது. மிச்சம் 60. சம்பளக்காரர் காத்திருக்கலாம், அது 67 சதவீதம் ஏறினால் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். நீங்களோ வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து 5 எடுத்தாக வேண்டும். மிச்சம் 55. இனி 100ஐத் தொட 82 சதவீதம் ஏற வேண்டும். அடுத்த ஆண்டும் எடுப்பீர்கள், பள்ளம் இன்னும் ஆழமாகும். இதே சரிவு இருபது ஆண்டு கழித்து வந்தால் பெரிய பாதிப்பு இருக்காது. ஓய்வின் தொடக்க ஆண்டுகள்தான் கண்டம்.

இது கற்பனைச் சரிவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் 57 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2013 ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். "பொறுமையாக இருந்தால் சந்தை ஏறியே தீரும்" என்று யாராவது சொன்னால், எத்தனை வருடப் பொறுமை என்று திருப்பிக் கேளுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் விற்று வைப்புத்தொகையில் போடுவதும் ஆபத்துதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். அறுபதில் இருப்பவருக்கு அப்படி இரண்டு இரட்டிப்பு வரலாம்.

என் கருத்து இது. பென்ஷன் போன்ற நிலையான வருமானம் போக, ஆண்டுக்குக் கைப்பணம் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். அதில் நான்கைந்து ஆண்டுச் செலவைப் பங்குச்சந்தைக்கு வெளியே, வைப்புத்தொகையிலும் குறுகிய காலக் கடன்பத்திரங்களிலும் வையுங்கள். சந்தை விழும்போது அதிலிருந்து எடுங்கள், பங்கை விற்காதீர்கள். மிச்சத்தைப் பரந்த இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள கம்பெனிகளை அப்படியே மொத்தமாக வாங்கும் ஃபண்டில் வையுங்கள், முடிந்தால் ஒரே நாட்டோடு நிறுத்தாமல். எவ்வளவு எடுக்கலாம் என்றால், அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994ல் போட்ட கணக்குப்படி முதல் ஆண்டில் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டால் பணம் முப்பது ஆண்டு தாங்கும். அது அமெரிக்கச் சந்தையின் பழைய தரவை வைத்துப் போட்டது. ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமாக எடுத்துக்கொண்டு சந்தை விழுந்த ஆண்டிலும் கூட்டி எடுக்காதீர்கள்.

தேடல்:

இருவரும் சொல்வது சரிதான். ஆனால் எனக்கு வேறொரு யோசனை. உலகம் முழுக்க முதியவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. மாகுலா நோயும் கூடும். அப்படியானால் அதற்குக் கண்ணில் போடும் ஊசி மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிகளின் பங்குகளில் போடுவதுதானே புத்திசாலித்தனம்? இண்டெக்ஸில் போட்டுச் சராசரி லாபம் வாங்குவதைவிட, நமக்கே நன்றாகத் தெரிந்த துறையில் நாலைந்து கம்பெனியைப் பிடிக்கலாமே.

கண்ணுக்கு மீன் எண்ணெய் மாத்திரையையும் பகல்வெளிச்சம் விட்டுவிட்டார். ஒமேகா 3 விழித்திரைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வட்டிக்குவட்டி:

தேடல், நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் எச்சரிக்கை வேண்டும். நோய் பெருகுவது வேறு, அந்தப் பங்கில் உங்களுக்கு லாபம் வருவது வேறு. முதியவர்கள் கூடுவார்கள் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். அது ஏற்கெனவே விலையில் ஏறிவிட்ட செய்தி.

மாகுலா மருந்துகளின் கதையையே பாருங்கள். விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் கசியும் ஈர வகைக்கு லுசென்டிஸ் ஊசி 2006ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அருமையான மருந்து. ஆனால் அவாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தையே சிறு அளவில் கண்ணில் போட்டால் அதே அளவு பலன் தருகிறது என்று 2011ல் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது, அதுவும் மிகக் குறைந்த செலவில். அதே 2011ல் ஐலியா என்ற இன்னொரு போட்டி மருந்தும் வந்தது. உலர் வகைக்கு லாம்பலிஸுமாப் என்ற மருந்தின் மேல் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2017ல் இறுதிக்கட்டச் சோதனையில் தோற்றது. நோயாளிகள் கூடுவார்கள் என்ற கணிப்பு தப்பவே இல்லை. இருந்தும் எந்த மருந்து ஜெயிக்கும் என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது?

பெஸ்ஸெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகளை அலசினார். அரசு கருவூலப் பத்திரம் தருவதற்கு மேல் கிடைத்த மொத்தச் செல்வமும் ஏறத்தாழ 4 சதவீதக் கம்பெனிகளிடமிருந்துதான் வந்தது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்தப் பத்திரம் தந்ததைக்கூடத் தரவில்லை. நாலைந்து கம்பெனி பொறுக்குகிறவர் கையில் அந்த 4 சதவீதம் சிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இண்டெக்ஸ் வாங்குகிறவரிடம் அது கட்டாயம் இருக்கும். சராசரி என்று சொல்லி அதைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. செலவு கழிந்த பிறகு, நீண்ட காலத்தில், தொழில்முறை ஃபண்ட் மேலாளர்களில் பெரும்பாலோர் அந்தச் சராசரியைத் தொட முடியாமல்தான் இருக்கிறார்கள்.

பகல்வெளிச்சம்:

ஒமேகா 3யை வேண்டுமென்றேதான் விட்டேன். ஏரெட்ஸ் 2 ஆய்விலேயே அதைச் சேர்த்துப் பார்த்தார்கள், மாகுலா சிதைவுக்குக் கூடுதல் பலன் இல்லை. கண் வறட்சிக்காவது உதவுமா என்று பார்த்த ட்ரீம் ஆய்வின் முடிவு 2018ல் வந்தது. மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும், ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மீனை உணவாகச் சாப்பிடுவது வேறு. மீன், காய்கறி, பருப்பு, கொட்டைகள், முழுதானியம் அதிகமாகவும் இறைச்சி குறைவாகவும் சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய் முற்றுவது குறைவாக இருப்பதாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டில் எது உதவுகிறது என்று ஒன்றை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் பெரும்பாலும் பலன் காணாமல் போய்விடுகிறது.

கீரை விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் நம் கையில் இருப்பது. லூட்டினும் ஸியாக்சாந்தினும் மாகுலாவில் தங்கும் மஞ்சள் நிறமிகள். நீல ஒளியை உறிஞ்சி அந்த இடத்தைக் காக்கின்றன. உடம்பால் இவற்றைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கரும்பச்சைக் கீரைகளில் லூட்டின் மிக அதிகம். மக்காச்சோளத்திலும் ஆரஞ்சு நிறக் குடைமிளகாயிலும் ஸியாக்சாந்தின் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவில் அளவு குறைவுதான், ஆனால் கொழுப்போடு இருப்பதால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் கொழுப்பில் கரைபவை. கீரையை எண்ணெயே இல்லாமல் வெறுமனே அவித்துச் சாப்பிடுகிறவர்கள், ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துக்கொண்டால் போதும்.

கேரட்டைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதற்குக் கேரட் நல்லது. குறை இல்லாதவர் கேரட்டைக் கூட்டிச் சாப்பிட்டால் பார்வை கூடாது.

அப்புறம், புகைபிடிப்பது. மாகுலா சிதைவுக்கும் கண்புரைக்கும் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் இதுதான் பெரியது. கீரையும் மாத்திரையும் இதற்குப் பிறகுதான்.

மல்லிகைப்பந்தல்:

இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. பார்வை குறைந்த பிறகு அந்தக் கணக்குகளை யார் படிப்பது?

என் அப்பாவுக்கு இதே நோய். எழுத்து முழுக்க மறைந்து போகவில்லை, நடுவில் மட்டும் கலங்கியது. 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் நிறத்தில் எண்களைப் போடுகிறார்களே, அது முதலில் போனது. கறுப்பு எழுத்து இன்னும் ரொம்ப நாள் தெரிந்தது. தசமப் புள்ளி அவருக்குத் தெரியவே தெரியாது. அப்பா இதை யாரிடமும் சொல்லவில்லை. மாதாந்திர அறிக்கையைப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார். தரகு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் போன் செய்து "இதை விற்று அதை வாங்கலாமா சார்" என்று கேட்பார், அப்பா சரி என்பார். நாங்கள் உறைகளைப் பிரித்தபோது பக்கம் பக்கமாக வாங்கல் விற்றல், ஒவ்வொன்றுக்கும் தரகுக்கூலி. சந்தை அந்தக் காலத்தில் ஏறித்தான் இருந்தது, அப்பாவின் பணம் மட்டும் குறைந்திருந்தது.

அதனால் நிழல்மரம் ஐயா, கண் நன்றாக இருக்கும் இப்போதே சுருக்குங்கள். எல்லாத் தரகர் கணக்குகளையும் ஒன்றாக்குங்கள். உங்கள் மனைவியைக் கூட்டுதாரராகச் சேர்க்க முடிந்தால் சேருங்கள், நாமினி பெயர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கையின் நகல் நீங்கள் நம்பும் இன்னொருவருக்கும் போகட்டும்; பார்க்க மட்டும் உரிமை, வாங்க விற்க வேண்டாம். உங்களால் கையெழுத்துப் போட முடியாத நாள் வந்தால் யார் செயல்பட வேண்டும் என்று அதிகாரப் பத்திரம் எழுதி வையுங்கள். தரகரிடம் எழுத்தில் கொடுங்கள்: போனில் சொல்லும் எந்த ஆர்டரும் செல்லாது. இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம் ஐயா, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

வட்டிக்குவட்டி:

மல்லிகைப்பந்தல் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது, அவ்வளவு முக்கியம். இண்டெக்ஸ் ஃபண்டை நான் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. நாற்பது கம்பெனியைக் கவனிக்கக் கூர்மையான கண் வேண்டும். இரண்டு ஃபண்டையும் ஒரு வைப்புத்தொகையையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம். உங்கள் மனைவியும் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்.

எப்படிச் சுருக்குவது? ஒரே நாளில் விற்க வேண்டாம், மூலதன ஆதாய வரி இருக்கும். உங்கள் ஊர் வரி விதியைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள். மொத்தத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாத துண்டுதுக்காணிகளை முதலில் விற்றுவிடுங்கள், அவை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் வாழ்க்கை மாறாது. நஷ்டத்தில் இருப்பதை விற்கும்போது, எங்கே அனுமதி உண்டோ அங்கே லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். எந்த ஒரு கம்பெனியாவது மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அதையும் சீக்கிரம் குறையுங்கள், எவ்வளவு பாசமான பங்காக இருந்தாலும்.

ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது செலவு விகிதத்தை, அதாவது ஆண்டுதோறும் அவர்கள் கழிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். 100 போட்டு ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் முப்பது ஆண்டில் 761 ஆகும். அதில் 2 சதவீதம் கட்டணமாகப் போய் 5 சதவீதம் வளர்ந்தால் 432தான். இரண்டு சதவீதம் என்று காதில் விழுவது, கடைசியில் வந்திருக்க வேண்டிய பணத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல்.

தேடல்:

சரி, மருந்துக் கம்பெனி யோசனையைக் கைவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது மொத்தத்தில் சிறு பங்காகத்தான் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாம்பலிஸுமாப் விவரம் எனக்குப் புதிது.

வட்டிக்குவட்டி:

ஐந்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் போனாலும் தூக்கம் கெடாது என்ற அளவு.

நிழல்மரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மல்லிகைப்பந்தல் அம்மா, உங்கள் அப்பா விஷயத்தைப் படித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். முதல் வேலையாக எல்லாக் கணக்குகளையும் ஒரே தாளில் எழுதச் சொல்லிவிட்டார், இன்று மாலை உட்காருகிறோம்.

பகல்வெளிச்சத்துக்குச் சில கேள்விகள். எனக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுக்கிறார்கள். கீரையைக் குறைக்கச் சொன்னதாக ஞாபகம், நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள். புகைப்பழக்கம் முன்பு இருந்தது, விட்டுப் பல வருடமாகிறது. உறவினர் ஒருவர் கண்ணுக்கென்று ஒரு டப்பா மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார், பீட்டா கரோட்டின் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மனைவிக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை, அவரும் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடலாமா?

பகல்வெளிச்சம்:

ஐயா, அந்த டப்பாவைத் தொடாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று பின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு 1994லேயே காட்டிவிட்டது. ஏரெட்ஸ் 2 ஆய்வில் இருந்தவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2022ல் வெளியிட்ட முடிவிலும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல முன்பே பழக்கத்தை விட்டவர்கள். லூட்டினில் அந்த ஆபத்து தெரியவில்லை. கேரட்டைச் சாப்பாட்டில் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

வார்ஃபரின் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையே கூடாது என்பதில்லை. வாராவாரம் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட வேண்டும் என்பதுதான் விதி. ஒரு வாரம் ஒன்றுமே இல்லாமல், மறுவாரம் தினமும் என்று போனால் ரத்தம் உறையும் அளவு தாறுமாறாகும். நீங்கள் கூட்டுவதாக இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டு, உறைதல் சோதனை செய்துகொண்டே மெதுவாகக் கூட்டுங்கள். இன்னொன்று, அந்த ஏரெட்ஸ் 2 மாத்திரையில் வைட்டமின் ஈ 400 அலகு இருக்கிறது, வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். கண் டாக்டருக்கு வார்ஃபரின் விஷயமும், இதய டாக்டருக்கு இந்த மாத்திரை விஷயமும் தெரிந்த பிறகே ஆரம்பியுங்கள். துத்தநாகம் 80 மில்லிகிராம் என்பதும் பெரிய அளவு. அது உடம்பில் தாமிரத்தைக் குறைத்து ரத்தசோகை கொண்டுவரலாம் என்பதால்தான் தாமிரத்தையும் சேர்த்திருக்கிறார்கள். தனித்தனியாக வாங்கிக் கலக்காதீர்கள்.

அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம். நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே சாப்பாடும், கண் சோதனையும் போதும்.

கடைசியாக ஆம்ஸ்லர் கட்டம். சதுரக் கட்டங்கள் வரைந்து நடுவில் ஒரு புள்ளி வைத்த தாள், கண் டாக்டரிடம் கேட்டால் கொடுப்பார்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு மற்ற கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். நிறையப் பேர் இதனால்தான் தாமதமாக வருகிறார்கள். கோடு வளைந்தோ, ஒரு கட்டம் காணாமலோ, கறையாகவோ புதிதாகத் தெரிந்தால் உலர் வகை ஈர வகையாக மாறத் தொடங்கியிருக்கலாம். ஊசி போட்டுக் காப்பாற்ற முடிகிற கட்டம் அதுதான், நாளாக ஆகப் பலன் குறையும்.

நிழல்மரம்:

அப்படித் தெரிந்தால் அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்கலாமா?

பகல்வெளிச்சம்:

கூடாது ஐயா. அன்றைக்கே போன் செய்து "கோடு வளைந்து தெரிகிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அதைக் கேட்டால் சில நாளுக்குள் உள்ளே எடுத்துவிடுவார்கள். தேதி தள்ளிக் கொடுத்தால் ஏற்காமல் வேறு விழித்திரை டாக்டரைப் பாருங்கள்.